நடக்கத் தெரிந்தவர்

தேரிக்காட்டின் ஓரத்தில், சிவந்த மணல் மேடுகள் தொடங்குகிற இடத்தில், ஆதரவற்ற நோயாளிகளுக்கான இல்லம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் சிஸ்டர் அமலோற்பவம். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், சில நேரம் அதுவும் சொல்லமாட்டார்.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவருக்கு அவரைவிடப் பதினைந்து வயது கூடுதல். பெயர் சவரிராயன். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் கூடத்துக்குள் நுழைந்ததும் மகள் எழுந்து நின்றாள். காப்பியைக் கையில் கொடுக்காமல், மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கினாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவள், பெற்ற தகப்பன் முன்னால் ஸ்டேஷனுக்கு வந்தவள் போல நின்றாள். அன்றைக்குச் சாயங்காலமே அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். கோவிலில் பங்குச் சாமியாரிடம் போய்ப் பேசினார். சாமியார்தான் இந்த இல்லத்துக்கு வழி சொன்னார்.

வந்த அன்றே அவர் சிஸ்டரிடம் நேராகக் கேட்டார்.

"சிஸ்டர், எனக்குத் தாழ்மை கத்துத் தரணும். செபம் வருது, உபவாசம் வருது. அது மட்டும் வரல."

சிஸ்டர் கையிலிருந்த வாளியை அவரிடம் நீட்டினார்.

"ஆம்பளைகள் கூடத்துல ஜன்னலோரக் கட்டில். ஞானாதிக்கம்னு ஒரு பெரியவர். குளிப்பாட்டிட்டு வாங்க அண்ணாச்சி."

ஞானாதிக்கம் ஒரு காலத்தில் உப்பளங்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். நெடிய ஆள். மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆசுபத்திரியில் அறுவை செய்து கட்டுப்போட்டார்கள். கட்டுப் பிரித்த நாளில் கூட்டிப்போக யாரும் வரவில்லை. ஆசுபத்திரிக்காரர்கள் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். எலும்பு கூடிவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் நடக்கவில்லை. வலிக்கிறது என்றார். காலில் உயிரே இல்லை என்றார். டாக்டர் தன் காலை வேண்டுமென்றே கெடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

சவரிராயன் வாளியோடு பக்கத்தில் போய் நின்றதும் அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"போலீசுதானவே நீரு? நிக்கிற நிலையிலயே தெரியுது. யாரு உம்ம உளவு பாக்க அனுப்புனது?"

"யாரும் அனுப்பல. உங்களைக் குளிப்பாட்ட வந்திருக்கேன்."

"குளிப்பாட்டவா, முக்கிக் கொல்லவா?"

அப்படித்தான் தொடங்கியது.

குளிக்கிற இடம் முற்றத்தைத் தாண்டி இருந்தது. முற்றம் முழுக்க மணல். சக்கர நாற்காலி அதில் புதைந்துகொள்ளும். புதையாவிட்டாலும் ஞானாதிக்கம் அதில் உட்காரமாட்டார், யாரோ திருகாணியைக் கழற்றி வைத்திருக்கிறார்கள் என்பார். ஆகவே முதுகில் சுமந்துதான் போக வேண்டும். சவரிராயன் குனிந்து அவரை முதுகில் ஏற்றி, இரண்டு கைகளாலும் தொடையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். காதோரத்தில் வசவு வந்துகொண்டே இருக்கும். சோப்பில் ஏதோ கலந்திருக்கிறது. துண்டு இன்னொருத்தனுடையது. தலையணைக்கு அடியில் வைத்திருந்த சில்லுக்கருப்பட்டியைக் காணவில்லை, போலீசு வந்த பிறகுதான் காணாமல் போனது.

சாப்பாட்டு நேரம் இன்னும் மோசம். கஞ்சியை நீட்டினால் தட்டைத் திருப்பித் தள்ளுவார்.

"முதல்ல நீரு குடியும்."

முப்பது வருசத்துக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருந்தவருக்கு அது பொறுக்கவில்லை. அடுத்தவன் குடிக்கிற கஞ்சியை எதற்காக நான் வாயில் வைக்க வேண்டும் என்று சிஸ்டரிடம் போய்ச் சொன்னார். கொலைகாரனைப் பார்க்கிற மாதிரி அவர் என்னைப் பார்க்கிறார் என்றும் சொன்னார்.

சிஸ்டர் எழுந்து வந்தார். ஞானாதிக்கத்தின் தட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் குடித்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"உப்பு குறையுது" என்றார். அடுப்படிக்குப் போய் உப்பு எடுத்துவந்து கலக்கினார். இன்னொரு கரண்டி குடித்துப் பார்த்துவிட்டுத் தட்டைக் கொடுத்தார். ஞானாதிக்கம் வாங்கிக் குடித்தார்.

மறுநாளிலிருந்து சவரிராயனும் முதல் கரண்டியைக் குடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தார்.

ஆனால் அவருடைய மனசு வேறொரு வேலையைத் தொடங்கியிருந்தது. பழைய வேலைதான். சந்தேகப்படுகிறவனைக் கண்டால் அவனையே சந்தேகப்பட வேண்டும் என்று ஸ்டேஷனில் அவர் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது உண்டு.

ஞானாதிக்கத்தின் மெத்தையில் கொய்யா விதைகள் கிடந்தன. யார் கொய்யாப்பழம் கொடுத்தது என்று விசாரித்தார். யாரும் கொடுக்கவில்லை. கொய்யா மரம் முற்றத்துக்கு அந்தப் பக்கம், வேலியோரத்தில் நின்றது. ஞானாதிக்கத்தின் வேட்டி விளிம்பில் ஒருநாள் நெருஞ்சிமுள் ஒட்டியிருந்தது. கட்டிலில் கிடப்பவரைத் தேடி நெருஞ்சிமுள் வருமா?

இல்லத்தில் கட்டில்கள் குறைவு. நடக்க முடியாதவர்களுக்குத்தான் இடம். நடக்க ஆரம்பித்துவிட்டால் அவரவர் உறவினரிடம் அனுப்பிவிட வேண்டும். அதுதான் அங்கே நடைமுறை. நடக்கத் தெரிந்த ஒருவன் இங்கே படுத்துக்கொண்டு அதிகாரம் செய்கிறான், நடக்க முடியாத யாரோ ஒருவர் எங்கேயோ வராந்தாவில் கிடக்கிறார். சவரிராயனுக்கு அதை நினைக்க நினைக்க நெஞ்சு கொதித்தது. கொதிப்பு ஒருவகையில் சுகமாகவும் இருந்தது. தன்னுடைய கோபம் இப்போது நியாயத்தின் பக்கம் நிற்கிறது என்று தோன்றியது.

ஒருநாள் மத்தியானம், கூடத்திலிருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு எல்லாரும் செபத்துக்குப் போகிற நேரம் பார்த்து, ஞானாதிக்கத்தின் கட்டிலைச் சுற்றித் தரையில் பல்பொடியை மெல்லிசாகத் தூவினார். ஞானாதிக்கம் மட்டும் செபத்துக்குப் போகாமல், தூங்குவது போலக் கிடந்தார். செபம் முடிந்ததும் சவரிராயன் முதல் ஆளாக ஓடிவந்து பார்த்தார். தரை ஈரமாக இருந்தது. சுத்தமாகத் துடைத்திருந்தார்கள்.

அடுப்படியில் வேலை செய்யும் புஷ்பத்திடம் யார் துடைத்தது என்று கேட்டார்.

"சிஸ்டர்தான் துடைச்சாங்க" என்றாள் புஷ்பம். "செபத்துக்குக்கூட பாதியிலதான் வந்தாங்க."

அன்றிலிருந்து சவரிராயன் கவனிக்க வேண்டியவர்கள் இரண்டு பேர் ஆனார்கள்.

கவனிக்க ஆரம்பித்தால் எல்லாமே கண்ணில் படும். வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் ஒரு காலையில் வந்தான். கக்கத்தில் தோல் பை வைத்திருந்தான். ஞானாதிக்கத்தைப் பார்க்கவில்லை. வாசலில் நின்றபடியே சிஸ்டரிடம் தணிந்த குரலில் பேசிவிட்டுப் போனான். யார் என்று கேட்டதற்குத் தெரிந்தவர் என்றார் சிஸ்டர். அதோடு, சிஸ்டருடைய அறைக் கதவு இந்த நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியதிலிருந்து சாத்தியே இருந்தது. முன்பெல்லாம் திறந்துதான் கிடக்குமாம். புஷ்பம் முந்தானையில் மறைத்து ஒரு தட்டை அந்த அறைக்குள் கொண்டுபோனதை அவர் இரண்டு முறை பார்த்துவிட்டார். சிஸ்டர் எல்லாரோடும் சேர்ந்துதான் சாப்பிடுகிறார். பிறகு அந்தத் தட்டு யாருக்கு?

உப்பளக்காரரிடம் ஏதாவது நிலம் இருக்கும். இல்லத்துக்கு எழுதித் தருவதாகச் சொல்லியிருப்பார். அதனால்தான் இந்தக் கவனிப்பு. சவரிராயன் இப்படி ஒரு கணக்குப் போட்டார். போட்ட கணக்கு சரியாக வந்ததில் அவருக்குத் துக்கமும் திருப்தியும் சேர்ந்தே வந்தன. துறவி என்று நம்பி வந்தோம், இங்கேயும் இதுதானா என்று இருந்தது.

பெரிய வியாழன் வந்தது. கோவிலுக்குப் போய், இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைவுகூரும் சடங்கைப் பார்க்க முடியாதவர்களுக்காக, இல்லத்திலேயே அதைச் சின்ன அளவில் வருசந்தோறும் செய்வார்கள். சிஸ்டர் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார். ஞானாதிக்கமும் அதில் ஒருவர். கழுவுகிற வேலையைச் சவரிராயனுக்குக் கொடுத்தார். தண்ணீர்ச் செம்பைத் தான் வைத்துக்கொண்டார்.

சவரிராயன் முழங்காலிட்டு ஒவ்வொருவராக நகர்ந்து வந்தார். சூம்பிப்போன கால்கள், புண்ணுள்ள கால்கள், விரல் இல்லாத கால்கள். சிஸ்டர் தண்ணீர் ஊற்ற, அவர் கழுவித் துடைத்துக் குனிந்து முத்தமிட்டார். உண்மையாகவே அவர் நெஞ்சு இளகியிருந்தது.

ஞானாதிக்கத்திடம் வந்தார். வலது பாதத்தைக் கையில் ஏந்தினார்.

விரலிடுக்கில் மணல் இருந்தது. தேரி மணல். சிவப்பாக, இன்னும் ஈரம் காயாமல். பாதத்தின் அடியிலும் ஒட்டியிருந்தது. காலையில் அவரைச் சுமந்துபோய்க் குளிப்பாட்டி, துடைத்து, சுமந்தே கொண்டுவந்து கட்டிலில் விட்டது சவரிராயன்தான். அதற்குப் பிறகு ஒட்டிய மணல் இது.

அவர் நிமிர்ந்து ஞானாதிக்கத்தின் முகத்தைப் பார்த்தார். அந்தக் கண்கள் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. பிடிபட்ட எத்தனையோ முகங்களை அவர் பார்த்திருக்கிறார். இதுவும் அப்படித்தான் இருந்தது. பாதத்தை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டலாம். கை ஒரு விரற்கடை உயர்ந்தும் விட்டது.

அப்போது தண்ணீர் விழுந்தது. சிஸ்டர் செம்பைச் சாய்த்திருந்தார். மற்றவர்களுக்கு ஊற்றியதைவிட அதிகமாக, விரலிடுக்குகளில் நிதானமாக ஊற்றினார். தாம்பாளத்தில் தண்ணீர் சிவந்து தேங்கியது. சவரிராயன் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

துடைத்தார். முத்தமிடக் குனிந்தார். உதடு படாமலே நிமிர்ந்தார்.

மறுநாள் பெரிய வெள்ளி. காலையில் வழக்கம்போல ஞானாதிக்கத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். ராத்திரி முழுக்க அவருக்குத் தூக்கம் இல்லை. முதுகிலிருந்தவர் அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வந்தார். பாதி முற்றம் தாண்டியதும் மெல்லக் கேட்டார்.

"நேத்து என்னவே பாத்தீரு?"

சவரிராயன் நின்றார். தொடையைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் விட்டார்.

ஞானாதிக்கம் சரிந்தார். சரிந்தவர் மணலில் விழவில்லை. இரண்டு காலையும் ஊன்றி நின்றார். நேராக, நெடுநெடுவென்று நின்றார். ஒரு மூச்சு விடுகிற நேரம் இருவரும் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பிறகு ஞானாதிக்கம் மெதுவாக, ரொம்ப நிதானமாக, மணலில் உட்கார்ந்தார். மல்லாந்து படுத்தார். இல்லம் முழுக்கக் கேட்கும்படி அலறினார்.

"கொல்லுதானே. போலீசு என்னைக் கீழ போட்டுக் கொல்லுதானே."

ஓடி வந்தவர்கள் எல்லாரும் சவரிராயனைப் பார்த்தார்கள். பெரிய வெள்ளியன்று படுத்த படுக்கையான கிழவரைக் கீழே போட்டவர் என்றுதான் பார்த்தார்கள். அவர் நின்றார், என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தார் சவரிராயன். யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தது. தன் பேச்சை எதிரே நிற்பவர்கள் நம்பாமல் போகிறபோது எப்படி இருக்கும் என்பது அவருக்கு அதுவரை தெரியாது.

சிஸ்டர் வந்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. மணலில் மண்டியிட்டு, எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று ஞானாதிக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு திரும்பிக் குனிந்து, அவருடைய கைகளைத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டு எழுந்தார். அந்த உடம்புக்கு அந்த ஆள் ரொம்பப் பெரிசு. ஞானாதிக்கத்தின் பாதங்கள் மணலில் இழுபட்டு இரண்டு கோடுகள் விழுந்தன. யாரோ உதவிக்கு வந்தபோது சிஸ்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

நடுவழியில் சிஸ்டர் தடுமாறினார். இருவரும் சேர்ந்து விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஞானாதிக்கத்தின் இடதுகால் சட்டென்று ஊன்றி, சிஸ்டரைத் தாங்கி நிறுத்திவிட்டு, மறுபடி துவண்டு இழுபட்டது.

பின்னால் நின்ற சவரிராயன் மட்டும் அதைப் பார்த்தார். இன்னொரு சாட்சியம் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை அவரிடம் யாரும் பேசவில்லை. புறப்பட்டுப் போய்விடலாம் என்று பையைக் கட்டினார். போகிறதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று தோன்றியது. முற்பகலில், புஷ்பம் தட்டோடு உள்ளே போய் வெளியே வந்த பிறகு, சிஸ்டரின் அறைக்குப் போய்க் கதவைத் தள்ளினார்.

கட்டிலில் ஒரு கிழவி படுத்திருந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஒரு கை மார்பில் செத்துக் கிடந்தது. பாதிக் கஞ்சி குடித்திருந்தாள்.

"யாரு?" என்றாள் குழறலாக.

"இங்க வேலை செய்யுதேன். நீங்க யாரு?"

அவள் பெயர் செபஸ்தியம்மாள். பக்கவாதம். ஆசுபத்திரி வராந்தாவில் கிடந்தவளைச் சிஸ்டர்தான் ஆட்டோவில் கூட்டிவந்தாராம். கட்டில் காலியானதும் கூடத்துக்கு மாற்றிவிடுவேன், அதுவரை இங்கே இருங்கள் என்றாராம். தவக்காலத்தின் தொடக்கத்தில் வந்தது. இதையெல்லாம் சொல்லி முடிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது. சவரிராயன் நின்றுகொண்டே கேட்டார்.

"அப்ப சிஸ்டர் எங்க படுக்காங்க?"

கிழவியின் கண்கள் தரைக்குப் போயின. கட்டிலுக்கடியில் ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது. தலையணை இல்லை.

சவரிராயன் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

சிஸ்டர் கொல்லைப்புறத்தில் துவைகல் பக்கம் நின்று படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தார். சவரிராயன் பக்கத்தில் போய் நின்றார். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அவரு நடக்காரு. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"நீங்க வாரதுக்கு முந்தி இருந்தே."

சவரிராயனுக்குக் குரல் உயர்ந்தது. அந்த ஆளை அனுப்பியிருந்தால் அந்தக் கட்டில் இந்த அம்மாவுக்குக் கிடைத்திருக்கும், நீங்கள் தரையில் கிடக்க வேண்டியதில்லை என்றார். அவரை எங்கே அனுப்ப என்று கேட்டார் சிஸ்டர். மகன் இருப்பானே என்றார் இவர்.

"தோல் பையோட ஒருத்தன் வந்தான்லா, அவன்தான் மகன்" என்றார் சிஸ்டர். "அப்பா நடக்காராண்ணு கேட்டான். நடந்தா முன்னாடியே சொல்லிருங்க சிஸ்டர், வீட்டைப் பூட்டிட்டு எங்கயாவது போயிருதோம்னான்."

சிஸ்டர் கையிலிருந்த விரிப்பைத் தண்ணீரில் முக்கினார்.

"அவனையும் ஒண்ணும் சொல்லதுக்கில்ல. சோத்துல விஷம் வச்சுட்டாள்னு மருமகளைத் தெருவுல நிறுத்திக் கத்துனவர் இவர். ஒரு தடவை இல்ல."

"அதனாலதான் மறைச்சியளா?"

"மறைக்கல. கழுவுனேன்."

சிஸ்டர் ஒரு விரிப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கினார். சவரிராயன் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கிப் பிழிந்தார்கள்.

"நடக்க முடியாதவங்களை எத்தனை பேரை வேணும்னாலும் தூக்குதேன் சிஸ்டர்" என்றார் சவரிராயன். "ஏமாத்துதான்னு தெரிஞ்சும் ஒருத்தனை எப்படித் தூக்கது?"

"நடக்க முடியாதவங்களைத் தூக்கக் கைபலம் போதும் அண்ணாச்சி" என்றார் சிஸ்டர். "நீங்க கேட்டு வந்தது அது இல்லையே."

விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கக் குனிந்தார்.

அன்று மத்தியானம் சவரிராயன் கட்டிய பையை அவிழ்த்தார். தன்னுடைய கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் சிஸ்டரின் அறை வாசலில் வைத்துவிட்டு வந்தார். சிஸ்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. புஷ்பமும் அவருமாகப் பிடித்து உள்ளே போட்டுக்கொண்டார்கள்.

பிறகு அவர் ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் கேட்கும்படியே சொன்னார்.

"பெரியவரே, நேத்து உங்களைக் கீழ போட்டது நான்தான். வேணும்னுதான் போட்டேன். மன்னிச்சிருங்க."

ஞானாதிக்கம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மன்னிப்பு எதுக்குவே? நாளைக்குத் திரும்பவும் போடதுக்கா?"

இயேசு உயிர்த்த பாஸ்கு ஞாயிறு வந்து போனது. பெரிய மாற்றம் ஒன்றும் நடக்கவில்லை. ஞானாதிக்கம் முதுகில் ஏற முதல் சில நாள் மறுத்தார். சுவரோரமாகவே போக வேண்டும் என்றார். விழுந்தால் பிடித்துக்கொள்ளச் சுவர் வேண்டுமாம். சுற்றுவழிதான், மணலும் அங்கே ஆழம். சவரிராயன் சுவரோரமாகவே சுமந்து போனார். முதல் கரண்டி கஞ்சியைக் குடித்தார். உப்பு குறைந்தால் போய் எடுத்துவந்தார். கட்டிலை யாருக்கோ விற்றுவிட்டுப் பாயில் படுக்கிறான் போலீசு என்று ஞானாதிக்கம் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. அதற்கும் பேசாமல் இருந்தார். பேசாமல் இருப்பது சுலபமாக இல்லை. சில நாள் துவைகல் பக்கம் போய் விரிப்புகளை ஓங்கி ஓங்கி அடிப்பார். புஷ்பம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொள்வாள்.

மத்தியான செபத்துக்கு அவரும் மற்றவர்களோடு போனார். திரும்பி வரும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகவே வந்தார். வாசலில் ஒரு முறை இருமிவிட்டு உள்ளே நுழைந்தார்.

ஞானாதிக்கத்தின் பாதங்களில் மணல் இருக்கும். சவரிராயன் ஒரு செம்புத் தண்ணீரும் துண்டும் எடுத்துக்கொண்டு கட்டிலடியில் உட்காருவார். முதல் முறை அப்படி உட்கார்ந்தபோது ஞானாதிக்கம் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இழுக்க முடிகிற கால்தான் என்று காட்டிக்கொடுத்துவிட்டோம் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

"காத்துல வந்த மணலுவே" என்றார்.

சவரிராயன் காலுக்காகக் கையை நீட்டியபடி இருந்தார். ரொம்ப நேரம் கழித்துக் கால் திரும்பி வந்தது. விரலிடுக்கில் தண்ணீர் ஊற்றினார். துடைத்தார். ஒருநாள், கூடத்தில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தபோது, குனிந்து அந்தப் பாதத்தை முத்தமிட்டார். ஞானாதிக்கம் தூங்குவது போலக் கண்ணை மூடியிருந்தார். அந்த நடிப்பை ஏட்டையாவால் கண்டுபிடிக்க முடியாதா என்ன. கண்டுபிடித்துவிட்டு எழுந்து போனார்.

வெயில் காலம் முடிந்து சாரல் காற்று தொடங்கியது. தேரியில் மணல் இடம் மாறி மாறிக் குவிந்தது. செபஸ்தியம்மாளுக்குக் கூடத்தில் ஒரு கட்டில் கிடைத்தது. சிஸ்டரின் அறைக் கதவு திறந்து கிடந்தது.

ஒருநாள் காலை சவரிராயன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிஸ்டரிடம் வந்தார். சிஸ்டர் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், பெரியவருக்குச் சாப்பாடு ஏதும் கூட்டிக் குடுக்கியளா?"

"இல்லையே. ஏன்?"

"நாலஞ்சு நாளா என்னால முடியல. ரெண்டு ஆளைச் சுமக்கிற மாதிரி இருக்கு. முந்தியெல்லாம் இந்தக் கனம் இல்ல. இப்ப தோள்ல தலையச் சாய்ச்சுக்கிடுதாரு, கால் ரெண்டும் தொங்கிருது. ஒருவேளை நெசமாவே கால் விழுந்துட்டோன்னு சந்தேகமா இருக்கு. டாக்டரைக் கூப்பிடணுமா?"

"மத்தியானம் கொய்யா மரத்துக்குப் போறாரா?"

"போறாரு. நேத்துகூட மணல் இருந்துச்சு."

"வழியில திட்டுதாரா?"

"அதுல குறை ஒண்ணும் இல்ல. சுவரோரமாப் போகச் சொல்லதை மட்டும் விட்டுட்டாரு."

சிஸ்டர் முறத்தை மடியில் வைத்தார்.

"அப்ப டாக்டர் வேண்டாம் அண்ணாச்சி" என்றார். "நீங்க திரும்பவும் கையை விட்டுருவீங்கன்னு, இத்தனை நாளும் ஊணிக்கிடதுக்கு அந்தக் காலைத் தயாரா வச்சிருந்தாரு. இப்ப மறந்துட்டாரு."